95 சதவீத மோட்டாரா, இன்னொரு பேட்டரியா?

இந்த முறை எடுத்துக்கொண்டிருப்பது பாய்மரப் படகு வைத்திருக்கும் ஒருவரின் கடிதம். பெயர், ஊர், படகின் அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

படகின் நீளம் 32 அடி, எடை 5 டன். நீர்மட்டத்தில் அளந்தால் 8 மீட்டர் நீளம். உள்ளே இருப்பது 20 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. புகை கக்குகிறது, சில நாள் கிளம்பவே மறுக்கிறது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, முழுதாக ஓவர்ஹால் செய்யாமல் முடியாது என்று சொல்லிவிட்டார். அவ்வளவு செலவு செய்வதற்குப் பதில் மின்சாரத்துக்கே மாறிவிட்டால் என்ன என்பது வாசகரின் யோசனை.

இரண்டு விலைப்பட்டியல்கள் வாங்கியிருக்கிறார். ஓவர்ஹால் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ஒரு கிட்: பிரஷ் இல்லாத மோட்டார், கன்ட்ரோலர், வேகம் குறைக்கும் பெல்ட், 10 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி. மொத்தம் 200, அதில் பேட்டரி மட்டும் 80. மோட்டாரின் செயல்திறன் 88 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இரண்டாவது, ஒரே நிறுவனம் தரும் முழுத் தொகுப்பு: 95 சதவீத மோட்டார், 20 கிலோவாட் மணி பேட்டரி, திரை, சார்ஜர் எல்லாம் சேர்த்து 450. அதில் பேட்டரியின் பங்கு 200.

வார இறுதிகளில் படகு எடுப்பார். துறைமுகத்திலிருந்து திறந்த கடலுக்கு வர 2 கடல் மைல் நீளக் கால்வாய். அதில் நீரோட்டம் 2 நாட் வரை இருக்கும். (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்.) வருடத்துக்கு ஒரு முறை இரண்டு வாரப் பயணம். கடந்த வருடம் எஞ்சின் ஓடியது 46 மணி நேரம், மணிக்குச் சராசரி 1.8 லிட்டர் டீசல். விற்பனையாளர் சொன்னதாக மூன்று விஷயங்கள் எழுதியிருக்கிறார்: மின்சாரத்தின் ஒரு குதிரைத்திறன் டீசலின் மூன்றுக்குச் சமம்; பாயில் ஓடும்போது புரொப்பல்லர் சுழன்று பேட்டரி தானாக நிறைந்துவிடும்; டீசல் மிச்சத்திலேயே ஏழெட்டு வருடத்தில் போட்ட பணம் திரும்பும். மனைவிக்குச் சத்தமும் நாற்றமும் இல்லாத படகு பிடிக்கும், ஆனால் நடுவழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்று பயம். "அதிகச் செயல்திறனுக்கு இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுப்பது சரிதானா?" என்பதுதான் கேள்வி. கடைசியில் ஒரு சின்னக் கேள்வியும் இருக்கிறது: மாற்றினால் பழைய டீசல் டாங்கையும் குழாய்களையும் அப்படியே விட்டுவைக்கலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் 95 என்ற எண் ஐந்து இடங்களில் வருகிறது. 46 என்ற எண் ஒரே இடத்தில்தான் வருகிறது. முடிவெடுக்க உதவப்போவது அந்த 46தான்.

46 மணி நேரம், மணிக்கு 1.8 லிட்டர் என்றால் வருடத்துக்குச் சுமார் 83 லிட்டர் டீசல். உங்கள் ஊரில் ஒரு லிட்டர் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். 83ஆல் பெருக்கி, விலைப்பட்டியலில் இருக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழெட்டு வருடத்தில் திரும்பும் என்ற பேச்சு அங்கேயே விழுந்துவிடும். ஆயில், ஃபில்டர், குளிர்நீர் பம்பின் ரப்பர் விசிறி என்று வருடாவருடம் ஆகும் பராமரிப்பைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் உங்களைப் போலக் குறைவாக ஓட்டுபவருக்கு முதல் திரும்பாது. அதனால் மாறக் கூடாது என்று சொல்லவில்லை. சாவியைத் திருப்பியதும் கிளம்பும் மோட்டார், அமைதி, அறைக்குள் டீசல் வாடை இல்லாமை, இவற்றுக்காகப் பணம் செலவழிப்பதில் தவறே இல்லை. பாய்மரப் படகு வைத்திருப்பதே லாபத்துக்காக அல்லவே. ஆனால் சுகத்துக்கான செலவைச் சேமிப்பு என்று நினைத்துக்கொண்டு செய்தால், எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற வரம்பு கையை விட்டுப் போய்விடும்.

ஒரு சதவீதத்தின் விலை

அந்த 46 மணி நேரத்தை மின்சாரத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? அமைதியான நீரில் 5 நாட் வேகத்துக்கு உங்கள் படகு பேட்டரியிலிருந்து சுமார் 3.6 கிலோவாட் இழுக்கும் என்பது என் மதிப்பீடு. வருடம் முழுவதுக்கும் சேர்த்து 165 கிலோவாட் மணி. 88 சதவீத மோட்டாரிலிருந்து 95 சதவீத மோட்டாருக்குப் போனால் இதில் 7 சதவீதம் சொச்சம் மிச்சமாகும். அதாவது வருடத்துக்குச் சுமார் 12 கிலோவாட் மணி. துறைமுக மின்செருகியில் ஒரு ராத்திரி சொருகி வைத்தால் கிடைக்கிற மின்சாரம் அது.

எனவே மின்சாரச் செலவில் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லை. அதற்கு மதிப்பு இருக்கும் ஒரே இடம் பேட்டரி. செயல்திறன் 8 சதவீதம் கூடினால், அதே தூரம் போக 7 சதவீதம் சொச்சம் சிறிய பேட்டரி போதும். 10 கிலோவாட் மணி பேட்டரியில் அது 0.74 கிலோவாட் மணி. கிட் விற்பவரின் விலைப்படி ஒரு கிலோவாட் மணி 8 என்றால், மிச்சமாகும் பேட்டரியின் விலை சுமார் 6.

இப்போது இரண்டு பட்டியலிலும் பேட்டரியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். கிட்டில் 120, தொகுப்பில் 250. வித்தியாசம் 130. ஆறு மதிப்புள்ள செயல்திறனுக்கு 130 கேட்கிறார்கள்.

தொகுப்பு விற்பவருக்கும் நியாயமாக இருக்க வேண்டும். அந்த 130க்குள் நல்ல சமாச்சாரங்கள் இருக்கின்றன: தண்ணீர் புகாத உறை, ஒன்றோடொன்று பேசும்படி ஏற்கெனவே சோதிக்கப்பட்ட பாகங்கள், பெல்ட் சத்தம் இல்லாத ஓட்டம், ஏதாவது நடந்தால் ஒரே இடத்தில் கேட்கக்கூடிய உத்தரவாதம். வெப்பமும் குறைவு. 7 கிலோவாட் போகும்போது 88 சதவீத மோட்டார் மூடிய எஞ்சின் அறைக்குள் 840 வாட் வெப்பத்தைக் கக்கும், 95 சதவீத மோட்டார் 350 வாட்தான் கக்கும். கிட் வாங்கினால் காற்றோட்டத்துக்கு வழி செய்தே ஆக வேண்டும். இவற்றில் எது உங்களுக்கு முக்கியமோ அதற்கு விலை கொடுங்கள். செயல்திறன் என்ற பெயரில் மட்டும் கொடுக்காதீர்கள்.

நாள் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கும் பயணிகள் படகாக இருந்தால் என் பதில் தலைகீழாக இருக்கும். அங்கே ஒவ்வொரு சதவீதமும் தினமும் எட்டு மணி நேரம் உழைக்கிறது. உங்கள் படகில் அது வருடத்துக்கு 46 மணி நேரம்தான் உழைக்கப்போகிறது.

செயல்திறன் வீணாகிற இடம்

மோட்டாரைப் பற்றியே எல்லாரும் பேசுவதற்குக் காரணம், அதுதான் விலைப்பட்டியலில் அச்சாகும் எண். பேட்டரியிலிருந்து 100 பங்கு சக்தி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிளிலும் கன்ட்ரோலரிலும் 5 போகும். 88 சதவீத மோட்டாரைத் தாண்டும்போது 84 மிஞ்சும். பெல்ட் கொஞ்சம் தின்ற பிறகு தண்டுக்கு வருவது 81. இதுவரை பரவாயில்லை. அதற்கப்புறம்தான் புரொப்பல்லர். நல்ல புரொப்பல்லர் என்றால் 55 சதவீதத்தைத் தள்ளுவிசையாக மாற்றும். படகைத் தள்ளுவது 45. சின்னதாக, வேகமாகச் சுற்றுகிற, பொருத்தமில்லாத புரொப்பல்லர் 40 சதவீதம்தான் மாற்றும். அப்போது படகுக்குக் கிடைப்பது 32 மட்டுமே.

மோட்டாரை மாற்றினால் 8 சதவீத லாபம். புரொப்பல்லரைச் சரிசெய்தால் 37 சதவீத லாபம். எதன் விலை குறைவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் இப்போதைய புரொப்பல்லர் டீசலுக்காகத் தேர்ந்தெடுத்தது. அது அப்படியே மின்மோட்டாருக்கும் ஒத்துப்போகும் என்று கிட் விற்பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்? விட்டம், பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறக்கூடிய தூரம்), சுற்று வேகம் மூன்றையும் அவர் உங்களிடம் கேட்டதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை. மின்மோட்டார் குறைந்த சுற்றிலேயே முழு முறுக்குவிசை தரும் என்பதால், பெரிய விட்டமுள்ள புரொப்பல்லரை மெதுவாகச் சுற்ற முடியும். செயல்திறன் கூடுவது அப்படித்தான். விட்டம் எவ்வளவு போகலாம் என்பதைப் படகின் அடிப்பாகம் தீர்மானிக்கும். இறக்கை முனைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே விட்டத்தில் 10 முதல் 15 சதவீதம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வும் சத்தமும் வரும். அமைதிக்காகத்தானே மாறுகிறீர்கள்!

இதில் ஒரு முரண் இருக்கிறது. மோட்டாருக்கு நல்லதான பெரிய மூன்று இறக்கை நிலையான புரொப்பல்லர், பாயில் ஓடும்போது தண்ணீரில் பிடித்து இழுக்கும். பாய் வேகத்தில் அரை நாட் வரைகூடப் பறித்துக்கொள்ளும். நீங்கள் பெரும்பாலான மைல்களைப் பாயில்தான் கடக்கிறீர்கள். எனவே மடங்கும் புரொப்பல்லர் விலை அதிகமானாலும், 95 சதவீத மோட்டாருக்குக் கொடுக்கத் தயாராக இருந்த பணத்தில் ஒரு பகுதியை அதில் போடலாம் என்பேன். லேசான காற்றிலும் பாயில் ஓட முடிந்தால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். பாய்மரப் படகில் செலவில்லாத மின்சேமிப்பு அதுதான்.

அடுத்தது வேகம். 8 மீட்டர் நீர்மட்ட நீளத்துக்கு இயல்பான உச்ச வேகம் சுமார் 6.9 நாட். அதை நெருங்க நெருங்கப் படகு தானே எழுப்பும் அலையில் ஏறப் பார்க்கும், சக்தி தாறுமாறாகக் கூடும். உங்கள் அளவுப் படகுக்கு, அமைதியான நீரில், நல்ல புரொப்பல்லரோடு நான் எதிர்பார்ப்பது இது: 4 நாட் வேகத்துக்கு 1.6 கிலோவாட், 5 நாட்டுக்கு 3.6, 6 நாட்டுக்கு 7.7. பேட்டரியில் 8 கிலோவாட் மணி பயன்படுத்தலாம் என்றால் 4 நாட்டில் 20 கடல் மைல் போகலாம், 5 நாட்டில் 11, 6 நாட்டில் 6 மைல்தான். ஒரே பேட்டரி, ஒரே மோட்டார். கையை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் மூன்று மடங்கு வித்தியாசம். டீசலில் 6 நாட் போய்ப் பழகியவர்களுக்கு 4 நாட் முதலில் எரிச்சலாக இருக்கும்.

என் மதிப்பீட்டை அப்படியே நம்ப வேண்டாம். காற்றில்லாத ஒரு காலையில் நண்பரின் படகைக்கொண்டு உங்கள் படகை இழுக்கச் சொல்லுங்கள். இழுகயிற்றின் நடுவே மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றைக் கட்டுங்கள்; 200 கிலோ வரை காட்டக்கூடியது போதும். ஓட்டமில்லாத நீரில் சீரான வேகத்தில் போகும்போது தராசு காட்டும் கிலோவை நாட் வேகத்தாலும், அப்புறம் 5ஆலும் பெருக்குங்கள். படகை நகர்த்தத் தேவையான வாட் கிடைத்துவிடும். 5 நாட்டில் 64 கிலோ காட்டினால் 64 × 5 × 5 = 1,600 வாட். அதை 0.45ஆல் வகுத்தால் பேட்டரி தர வேண்டியது தெரியும், ஏறக்குறைய 3.6 கிலோவாட். உங்கள் புரொப்பல்லர் நீரில் இழுபடும் என்பதால் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், பாதகமில்லை. இந்தச் சோதனையை, அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும்போது ஒரு தரம், சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு ஒரு தரம் செய்து பாருங்கள். எந்த விற்பனையாளரும் உங்களுக்குத் தராத செயல்திறன் அதில் தெரியும்.

விற்பனையாளர் சொன்னவை

ஒரு மின் குதிரைத்திறன் மூன்று டீசல் குதிரைத்திறனுக்குச் சமம் என்பது தவறு. கிலோவாட் எங்கிருந்து வந்தாலும் கிலோவாட்தான். அப்படியானால் 20 குதிரைத்திறன், அதாவது 15 கிலோவாட் எஞ்சின் இருந்த இடத்தில் 8 கிலோவாட் மோட்டார் எப்படிப் போதும்? பழைய டீசலின் முழுத் திறனையும் நீங்கள் பயன்படுத்தியதே இல்லை என்பதுதான் பதில். மணிக்கு 1.8 லிட்டர் என்ற உங்கள் எண்ணே அதற்குச் சாட்சி. ஆனால் பலத்த எதிர்க்காற்றிலும் எதிரலையிலும் அந்த உபரித்திறன் கைகொடுத்திருக்கும். 8 கிலோவாட்டுக்குக் குறையாத மோட்டார் எடுங்கள், முடிந்தால் 10. அது உச்ச அளவா, தொடர்ந்து ஓடக்கூடிய அளவா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு 10 கிலோவாட் தந்துவிட்டு 5க்கு இறங்கும் மோட்டாரை 10 கிலோவாட் என்றே விற்பவர்கள் உண்டு.

பாயில் ஓடும்போது சார்ஜ் ஆகும் என்பது பொய் இல்லை, அளவுதான் பொய். கிடைக்கும் மின்சாரம் ஏறத்தாழ வேகத்தின் மும்மடி விகிதத்தில் மாறும்; வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான். உங்கள் படகு பாயில் 5 நாட் போகும்போது நூறு வாட் சொச்சம் கிடைத்தாலே நல்லது. 8 கிலோவாட் மணி நிரம்ப 80 மணி நேரம் ஆகும். நாள்கணக்கில் 7 நாட்டுக்கு மேல் ஓடும் பெரிய படகுகளுக்கு, கடல் கடக்கும் பயணங்களில், இது உண்மையிலேயே உதவும். வார இறுதிக்காரருக்கு இது அலங்காரம். மேலும், சற்று முன் நான் சொன்ன மடங்கும் புரொப்பல்லர் பாயில் மடங்கிக்கொள்ளும், சுழலாது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. நான் மடங்குவதைத் தேர்ந்தெடுப்பேன்.

400 வாட் சோலார் தகடு வைத்தால், பாயின் நிழல் எல்லாம் போக நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.6 கிலோவாட் மணி வரும். வாரம் முழுக்க நின்றிருக்கும் படகுக்கு அது தாராளம். சனிக்கிழமைக்குள் பேட்டரி நிறைந்திருக்கும். ஓடாத நாளிலும் வேலை செய்யும் என்பதால், சார்ஜ் செய்ய புரொப்பல்லரை நம்புவதைவிடத் தகட்டை நம்பலாம்.

பேட்டரி எவ்வளவு, எது

மோசமான ஞாயிற்றுக்கிழமை மாலையை வைத்துத்தான் பேட்டரியை அளக்க வேண்டும். திரும்பி வரும்போது கால்வாயில் 2 நாட் நீரோட்டம் எதிரே, கூடவே எதிர்க்காற்று. நீரில் 5 நாட் போனால் கரையைப் பொறுத்து 3 நாட்தான் நகர்வீர்கள். 2 மைலுக்கு 40 நிமிடம். காற்றுக்காகச் சக்தியை இரண்டு மடங்காக்கி 7 கிலோவாட் என்று வைத்தால் 4.7 கிலோவாட் மணி செலவாகும். காலையில் நீரோட்டத்தோடு வெளியே போக சுமார் 1 கிலோவாட் மணிதான் ஆகும். ஆக 10 கிலோவாட் மணி பேட்டரியில் 8 பயன்படுத்தினால், மோசமான நாளிலும் 2க்கு மேல் மிச்சம் இருக்கும். இந்தக் கணக்கை உங்கள் மனைவியிடமும் காட்டுங்கள். அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் பெரிய பேட்டரியில் இல்லை, பயன்படுத்தக்கூடிய அளவு 5 கிலோவாட் மணிக்குக் கீழே இறங்கினால் திரும்பிவிடுவது என்ற விதியை நீங்கள் இருவரும் பிடிவாதமாகக் கடைப்பிடிப்பதில் இருக்கிறது. அதே மாலை பழைய டீசல் கிளம்ப மறுத்திருந்தால் உங்களிடம் எந்தக் கணக்கும் இருந்திருக்காது.

தொகுப்பில் வரும் கூடுதல் 10 கிலோவாட் மணி, வருடத்தில் அந்த இரண்டு வாரத்துக்கு மட்டுமே பயன்படும். லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் இருந்தாலும் மெல்ல மெல்ல வயதாகும். தேவைப்பட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளும்படி இடமும் கேபிளும் விட்டு வையுங்கள்.

ஈய அமில பேட்டரி வாங்கிச் செலவைக் குறைக்கலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வேண்டாம். அதில் பாதி வரைதான் இறக்கலாம் என்பதால் 8 கிலோவாட் மணிக்கு 16 வாங்க வேண்டும். எடை 450 கிலோவைத் தாண்டும். வேகமாக இழுத்தால் கொள்ளளவு இன்னும் சுருங்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 10 கிலோவாட் மணி 100 கிலோவுக்குள் அடங்கும். 1838இல் மோரிட்ஸ் யாகோபி என்ற பொறியாளர் ரஷ்யாவின் நெவா ஆற்றில் மின்மோட்டார் படகு ஓட்டிக் காட்டினார். அன்றைக்கும் மோட்டார் சுழன்றது. துத்தநாகத்தைத் தின்ற பேட்டரிதான் கட்டுப்படியாகவில்லை. இன்று அந்தப் பிரச்சினை பாதிக்கு மேல் தீர்ந்திருக்கிறது, தீராத மீதியை ஈயத்தைக் கொண்டு பெரிதாக்க வேண்டாம்.

லித்தியத்திலும் அயர்ன் பாஸ்பேட் வகையையே கேளுங்கள். சூடேறித் தீப்பற்றும் அபாயம் மற்ற வகைகளைவிட இதில் குறைவு. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டு வாரப் பயணம்

இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். காற்றில்லாத நாளில் 60 மைல் தள்ளியிருக்கும் அடுத்த துறைமுகத்துக்கு 5 நாட்டில் போக 43 கிலோவாட் மணி வேண்டும். 10 கிலோவாட் மணி கிட்டாலும் முடியாது, 450 விலைத் தொகுப்பாலும் முடியாது. அந்த இடத்தில் டீசலுக்குப் போட்டியே இல்லை: ஒரு லிட்டரில் சுமார் 10 கிலோவாட் மணி இருக்கிறது, எஞ்சின் அதில் முக்கால் பங்கை வீணாக்கினாலும் 100 லிட்டர் டாங்க் தண்டுக்கு 250 கிலோவாட் மணி தந்துவிடும்.

சிலர் டீசல் ஜெனரேட்டர் வைத்து மோட்டாரை ஓட்டுவார்கள். எஞ்சின் தனக்குச் சிறந்த சுற்றிலேயே ஓடும் என்பது அதில் லாபம். மின்சாரமாக்கி மறுபடி சுழற்சியாக்கும்போது அந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். டாங்க், ஃபில்டர், ஆயில் எல்லாம் திரும்ப வந்துவிடும். உங்கள் உபயோகத்துக்கு அது இரண்டு எஞ்சின் வைத்துக்கொள்கிற மாதிரி. கையில் தூக்கிச் செல்லும் பெட்ரோல் ஜெனரேட்டரை உள்ளே வைத்து ஓட்டுவதையோ, பெட்ரோல் கேனை அறைக்குள் வைப்பதையோ நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும்.

ஆகவே கேள்வி இதுதான்: அந்த இரண்டு வாரத்தில் காற்றுக்காகக் காத்திருக்க உங்களால் முடியுமா? குறிப்பிட்ட தேதிக்குள் திரும்பியே ஆக வேண்டிய வேலையில் இருப்பவரா? காத்திருக்க முடியாது என்றால், டீசலை ஓவர்ஹால் செய்யுங்கள், 100 செலவோடு முடிந்தது, வெட்கப்பட ஒன்றுமில்லை. முடியும் என்றால் கிட்டுக்குப் போங்கள். தொகுப்பு இந்த இரண்டு பதில்களில் எதற்கும் பொருந்தவில்லை.

கையெழுத்துப் போடும் முன்

கிட் என்று முடிவு செய்தால், மிச்சமாகும் 250இல் ஒரு பங்கை வயரிங்குக்கு ஒதுக்குங்கள். நண்பர் வீட்டு வயரிங் நன்றாகச் செய்வார் என்று எழுதியிருந்தீர்கள். 48 வோல்ட் கையைச் சுடாது என்பதால் அது சாதுவானது என்று நினைத்துவிடாதீர்கள். 10 கிலோவாட்டுக்கு 208 ஆம்பியர் ஓடும். ஒரு தளர்ந்த போல்ட் போதும், தீப்பிடிக்க. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். அதை அறுக்கக்கூடிய கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே வேண்டும். சிறு படகுகளின் மின் உந்து அமைப்புக்கென்றே ஐஎஸ்ஓ 16315 என்ற தரம் இருக்கிறது. அமெரிக்க வழக்கத்தில் ஏபிஒய்சி (ABYC) என்ற படகுத் தர அமைப்பின் இ-30, லித்தியத்துக்கு இ-13. இவற்றில் ஏதாவது ஒன்றின்படி செய்து, அப்படிச் செய்ததாக எழுத்தில் தரக்கூடிய படகு எலக்ட்ரீஷியனைத் தேடுங்கள். நண்பர் உதவியாளாக இருக்கட்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை தொடங்கும் முன்பே கடிதம் எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். எஞ்சினை மாற்றியதைச் சொல்லாமல் விட்டால், பிறகு எந்த இழப்பீடு கேட்டாலும் அதையே காரணம் காட்ட வழியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் வர வேண்டும்: தொடர் ஓட்டத் திறன் எத்தனை கிலோவாட், பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய அளவு எவ்வளவு, உத்தரவாதம் வருடத்திலா, சுழற்சி எண்ணிக்கையிலா, பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுச் சுற்று) மின்சாரத்தைத் துண்டிக்கும் முன் எச்சரிக்கை கொடுக்குமா. கடைசியில் சொன்னது சின்ன விஷயம் இல்லை. கால்வாய் நடுவே எச்சரிக்கை இல்லாமல் மோட்டார் நின்றால் பேட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொண்டுவிடும், உங்களைக் காப்பாற்றாது. கடல் ஓட்டத்தில் 4, 5, 6 நாட்டில் பேட்டரியிலிருந்து எத்தனை கிலோவாட் போகிறது என்று இரு திசையிலும் அளந்து காட்டிய பிறகே கடைசித் தவணை என்று போடுங்கள். நல்ல விற்பனையாளர் சம்மதிப்பார்.

கிட் பட்டியலில் இல்லாத சில செலவுகள் வரும். இப்போது புரொப்பல்லரின் தள்ளுவிசையைத் தாங்குவது டீசலின் கியர்பாக்ஸ். அது போய்விட்டால் தண்டுக்குத் தனியாக ஒரு தாங்கு பேரிங் வேண்டும். உங்கள் பட்டியலில் அதைக் காணவில்லை. எஞ்சினோடு ஆல்டர்னேட்டரும் போவதால் விளக்கு, ரேடியோவுக்கான 12 வோல்ட்டைத் தர ஒரு கன்வர்ட்டர் வேண்டும். எடை பின்பக்கத்திலிருந்து குறைவதால் பேட்டரியை எங்கே வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும்; படகின் நடுவில், தாழ்வாக.

இனி டாங்க். விட்டுவைக்க வேண்டாம். பாதி டீசலோடு கிடக்கும் டாங்கில் தண்ணீர் சேரும், துருப்பிடித்துக் கசியும், மின்கேபிள் பக்கத்தில் அது தேவையில்லாத வம்பு. எடுத்துவிட்டால் அந்த இடமே பேட்டரிக்கு உதவலாம். எஞ்சினுக்குக் கடல்நீர் எடுத்த துளையையும் புகைபோக்கித் துளையையும் வெறும் வால்வை மூடிவிட்டு விடாதீர்கள். படகைக் கரையேற்றும்போது வால்வைக் கழற்றி, துளையை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கண்ணாடியிழை வைத்து நிரந்தரமாக அடைத்துவிடச் சொல்லுங்கள். மோட்டார் தண்ணீரில் குளிர்விக்கும் வகையாக இருந்தால் மட்டும் கடல்நீர்த் துளையை வைத்துக்கொள்ளலாம், புது வால்வோடு.